ரயில், படகு, விமான விபத்துகளை விசாரிக்கக் கற்பது: புதியவர்களுக்கான வழிகாட்டி

1956 நவம்பர் 23 அன்று அதிகாலையில் அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தால் நிலைகுலைந்ததில், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் பாய்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி தார்மிகப் பொறுப்பேற்றுப் பதவி விலகியதை இன்றும் நாம் மதிப்போடு நினைவுகூர்கிறோம். ஆனால் பாலத்தின் அடித்தளம் எவ்வளவு அரிக்கப்பட்டிருந்தது, நீர்மட்டம் எந்த அளவைத் தாண்டும்போது ரயில்களை நிறுத்த வேண்டும், அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும், அது எஞ்சின் ஓட்டுநரிடம் உரிய நேரத்தில் எப்படிச் சென்று சேர வேண்டும் என்ற கேள்விகளுக்குப் பதவி விலகல் விடை தருவதில்லை. அவற்றுக்கு விடை தேடுவதே விபத்து விசாரணையாளரின் வேலை.

ரயில்வே, துறைமுகம், விமான நிறுவனம் ஆகியவற்றின் பாதுகாப்புப் பிரிவுகளில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களையும், இத்துறைக்கு வர விரும்பும் பொறியியல் மாணவர்களையும், விபத்துச் செய்திகளை எழுதும் இளம் செய்தியாளர்களையும் மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். மூன்று போக்குவரத்துகளையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. கருவிகளும் சட்டங்களும் வேறுபட்டாலும், விசாரணை நடைபெறும் முறை ஏறத்தாழ ஒன்றே. நியூசிலாந்தில் 1990இல் விமான விபத்துகளுக்காகத் தொடங்கப்பட்ட ஆணையத்திடமே 1992இல் ரயில் விபத்துகளும் 1995இல் கடல் விபத்துகளும் ஒப்படைக்கப்பட்டன. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இவ்வாறே ஒரே அமைப்பு மூன்றையும் கவனிக்கிறது. இந்தியாவில் அப்படி ஓர் அமைப்பு இல்லை என்பது என் பார்வையில் பெரிய குறை. ரயிலில் கற்ற பாடம் படகுத்துறைக்குப் போய்ச் சேர நம்மிடம் வழியே இல்லை.

முதற்படி: எந்த விசாரணை என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுதல்

ஒரு பெரிய விபத்துக்குப் பின் ஒரே இடத்தில் பல விசாரணைகள் தொடங்கிவிடும். காவல்துறை குற்றம் நடந்ததா என்று பார்க்கும், காப்பீட்டு நிறுவனம் இழப்பைக் கணக்கிடும், துறையின் மேலதிகாரிகள் ஒழுங்கு நடவடிக்கைக்குரியவரைத் தேடுவர். பாதுகாப்பு விசாரணை இவை எதனோடும் சேர்ந்ததன்று. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1951இல் முதன்முதலாக ஏற்றுக்கொண்ட, உலக விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் பதின்மூன்றாம் இணைப்பு, விசாரணையின் ஒரே நோக்கம் இனி விபத்து நேராமல் தடுப்பதுதான் என்றும், பழியையோ சட்டப் பொறுப்பையோ யார் மீதும் சுமத்துவது அன்று என்றும் கூறுகிறது. கப்பல்களுக்காகச் சர்வதேச கடல்சார் அமைப்பு வகுத்து, 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விபத்து விசாரணை விதித்தொகுப்பும் இதே நிலைப்பாட்டைக் கொண்டது.

இந்தப் பிரிவினை வெறும் சட்ட நுணுக்கமன்று. தான் சொல்வது தன்னைச் சிறைக்கு அனுப்பும் என்று அஞ்சும் ஸ்டேஷன் மாஸ்டர் உண்மையைச் சொல்லமாட்டார். அவர் சொல்லாவிட்டால் அதே தவறு அடுத்த நிலையத்தில் நடக்கும். ஆகவே யாரையேனும் சந்திக்கும்போது, நீங்கள் எந்த விசாரணையின் சார்பில் வந்திருக்கிறீர்கள் என்பதையும், அவர் சொல்வது எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சட்டம் தரும் பாதுகாப்புக்கு மேல் ஒரு சொல் கூட உறுதியளிக்காதீர்கள்.

இந்தியாவில் யார் எதை விசாரிக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். விமான விபத்துகளை 2012இல் அமைக்கப்பட்ட விமான விபத்து விசாரணைப் பணியகம் விசாரிக்கிறது. பயணிகள் ரயிலில் உயிரிழப்போ கொடுங்காயமோ பெருஞ்சேதமோ நேர்ந்தால், 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின்படி ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரிக்கிறார். இந்த ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லாமல் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருப்பது பலருக்கும் வியப்பளிக்கும். ரயிலை ஓட்டுபவரே ரயில் விபத்துக்கு நடுவராக இருக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. கடற்கப்பல்களைக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் கவனிக்கிறது. ஏரி, ஆறு, காயல்களில் ஓடும் சுற்றுலாப் படகுகளின் நிலைதான் வருந்தத்தக்கது. பெரும்பாலும் மாநில அரசு ஒவ்வொரு விபத்துக்கும் தனித்தனி நீதி விசாரணை ஆணையத்தை அமைக்கிறது. ஆணையம் கலைந்ததும் அது சேர்த்த அனுபவமும் கலைந்துவிடுகிறது.

இரண்டாம் படி: களத்துக்குச் செல்லும் முன்

மீட்புப் பணி முடியும் வரை விசாரணையாளர் ஒதுங்கி நிற்க வேண்டும். உயிரோடு ஒருவர் சிக்கியிருக்கக்கூடும் என்ற நிலையில் எந்தச் சான்றுக்கும் முன்னுரிமை கிடையாது. பெட்டியை வெட்ட வேண்டுமென்றால் வெட்டட்டும். வெட்டுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுக்க ஒருவரை நிறுத்திவைப்பது மட்டுமே அப்போது நீங்கள் செய்யக்கூடியது.

அடுத்தது உங்கள் உயிர். மின்மயமான பாதைகளில் மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் அழுத்தம் இருக்கும். மின்சாரம் துண்டிக்கப்பட்டு, கம்பி தரையோடு இணைக்கப்பட்டதை உரியவர் எழுத்தில் உறுதிசெய்யும் வரை உள்ளே போகாதீர்கள். எரிந்த விமானத்தில் கார்பன் இழைத் தூள் மிதக்கும்; அது நுரையீரலுக்குக் கேடு. வெடிக்காத டயர்கள், ஆக்சிஜன் உருளைகள், விரியாத அவசரச் சறுக்குப் பாதைகள் ஆகியவை பல மணி நேரம் கழித்தும் ஆளைக் கொல்லக்கூடியவை. கவிழ்ந்த படகின் அடியில் பயிற்சி பெற்ற முக்குளிப்பவரைத் தவிர வேறு யாரும் நுழையலாகாது. கையுறை, முகக்கவசம், கனத்த காலணி, உடலில் படும் குருதியிலிருந்து காக்கும் உடை ஆகியவற்றை எப்போதும் ஒரு பையில் ஆயத்தமாக வைத்திருங்கள்.

மூன்றாம் படி: அழியக்கூடியதை முதலில் எடுத்தல்

களத்தில் நிற்கும் புதியவரின் கண் பெரிய சிதைவுகளின் மேல்தான் போகும். ஆனால் அவை நாளையும் அங்கேயே இருக்கும். இன்றே அழியக்கூடியவை எவை என்று கேட்டுப் பழகுங்கள். மழை பெய்தால் மறையும் தரைத் தடங்கள், ஆற்றின் நீர்மட்டம், காற்றின் திசை, ஓடுபாதையில் தேங்கிய நீரின் ஆழம், மனிதர்களின் புதிய நினைவு, தானாகவே தன்மேல் எழுதிக்கொண்டு போகும் பதிவுக் கருவிகள் ஆகியவைதான் அவை.

பதிவுக் கருவிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விமானி அறையின் குரல் பதிவு பல விமானங்களில் கடைசி இரண்டு மணி நேரத்தை மட்டுமே வைத்துக்கொள்ளும். விழுந்த விமானத்தில் மின்சாரம் நின்றதும் பதிவும் நின்றுவிடுவதால் அது தங்கிவிடுகிறது. ஆபத்தில் சிக்கித் தப்பி, தொடர்ந்து பறந்து, பத்திரமாக இறங்கிய விமானத்தில்தான் சிக்கல். யாரேனும் நினைவாக அதன் மின்னிணைப்பைத் துண்டிக்காவிட்டால், அடுத்த பயணத்தின் பேச்சு அதை அழித்துவிடும். கப்பலின் பயணப் பதிவுக் கருவியும் அப்படித்தான். மாலுமி சேமிக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். ரயில் நிலையத்தில், சிக்னல்களை இயக்கும் மின்சாதனங்கள் உள்ள ரிலே அறையை உடனே பூட்டி, முத்திரையிட்டு, அவற்றின் இயக்கத்தை நேரத்தோடு பதியும் டேட்டா லாகர் கருவியின் பதிவை இரண்டு தரப்பினர் முன்னிலையில் படியெடுக்க வேண்டும். பழுது பார்க்கிறேன் என்று நல்லெண்ணத்தோடு உள்ளே போகும் ஒரு தொழில்நுட்பப் பணியாளர், விபத்தின் முழுக் காரணத்தையும் ஒரே நொடியில் சரிசெய்துவிடக்கூடும். நீரிலிருந்து எடுத்த பதிவுக் கருவியை உலர்த்தாதீர்கள். தூய நீரில் அமிழ்த்தியபடியே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். காற்றுப் பட்டால் அரிப்பு தொடங்கிவிடும். ஏர் பிரான்ஸ் 447 விமானம் 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் விழுந்து, 228 பேரின் முடிவுக்குக் காரணம் தெரியாமலேயே கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2011 மே மாதம் ஏறத்தாழ 3,900 மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்கப்பட்ட கருவிகள் அப்போதும் பேசின.

பதிவுக் கருவி இல்லாத இடங்களிலும் பொருள்கள் சாட்சி சொல்கின்றன. மோதும் நொடியில் எரிந்துகொண்டிருந்த எச்சரிக்கை விளக்கின் இழை சூட்டில் நீண்டு வளைந்திருக்கும். அணைந்திருந்த விளக்கின் இழையோ வளையாமல் ஒடியும். அளவுமானியின் முள் மோதலில் முகப்பின் மேல் அழுந்தி விட்ட தடம், அந்த நொடியின் வேகத்தைக் காட்டலாம். எஞ்சின் இதழ்கள் சுழற்சிக்கு எதிராக வளைந்திருந்தால் அது சுழன்றுகொண்டே மோதியது என்று பொருள். தண்டவாளம் உடைந்திருந்தால், உடைந்த இரு முனைகளையும் பொருத்திப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். உரசியதும் முகப்பின் நுண்தடயங்கள் அழிந்துவிடும். அந்த முகப்பில் ஒரு பகுதி துருவேறியும் மற்றப் பகுதி பளபளப்பாகவும் இருந்தால், விரிசல் அன்று பிறந்ததன்று என்பது தெரியும்.

ரயில் தடம்புரண்டிருந்தால், சக்கர விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏறிய இடத்தையும் கீழே விழுந்த இடத்தையும் முதலில் கண்டுபிடியுங்கள். கவிழ்ந்த பெட்டிகள் கிடக்கும் இடத்தைவிட இந்த இரு புள்ளிகளே முக்கியமானவை. அங்கிருந்து இரு திசைகளிலும் சம இடைவெளியில் பாதையின் அகலத்தையும் இரு தண்டவாளங்களின் உயர வேறுபாட்டையும் அளந்து எழுதுங்கள். இடத்தைக் குறிக்க மின்கம்ப எண்களைப் பயன்படுத்தினால் பின்னர் குழப்பம் வராது. படகாக இருந்தால், எத்தனை பேர் ஏறினார்கள், எந்தத் தளத்தில் எந்தப் பக்கத்தில் இருந்தார்கள், உயிர்காப்பு அங்கிகள் எங்கே கிடந்தன, எத்தனை அங்கிகள் கட்டிய நிலையிலேயே பரணில் இருந்தன என்பதை அன்றே எண்ணுங்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் ஜலகன்யகா என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து நாற்பதுக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள், அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களும் பலர், உயிரிழந்தார்கள். கரையில் விலங்குகளைக் காண மேல்தளத்தில் இருந்தவர்கள் ஒரு பக்கமாக நகர்ந்ததாகச் செய்திகள் வந்தன. வனவிலங்கைப் பார்க்க அழைத்துச் செல்லும் படகில் பயணிகள் விலங்கு நிற்கும் பக்கம் போகத்தான் செய்வார்கள். அதைத் தாங்காத படகு அந்த வேலைக்கு எப்படி அனுமதி பெற்றது என்பதே விசாரணையாளரின் கேள்வி. படகை மீட்ட பிறகு, அறிந்த எடையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்தி அது எவ்வளவு சாய்கிறது என்று அளந்தால், அதன் ஈர்ப்பு மையம் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதைக் கணக்கிடலாம்.

நான்காம் படி: மனிதர்களிடம் கேட்டல்

நேரில் கண்டவர்களைத் தனித்தனியாக, இயன்றவரை விரைவாகச் சந்தியுங்கள். ஊர்க்காரர்கள் தேநீர்க் கடையில் ஒன்றாக அமர்ந்து பேசிவிட்டால், மறுநாள் அத்தனை பேரும் ஒரே கதையைச் சொல்வார்கள். யாரும் பொய் சொல்வதில்லை, நினைவுதான் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. “சிக்னல் பச்சையாக இருந்ததா?” என்று கேட்காமல், “நிலையத்தை நெருங்கியபோது என்னென்ன பார்த்தீர்கள்?” என்று கேளுங்கள். அவர் நிறுத்தும்போது நீங்களும் பேசாமல் இருங்கள். சம்பவத்தைப் பற்றி மட்டுமன்றி, சாதாரண நாளில் அந்த வேலையை எப்படிச் செய்வார்கள் என்றும் கேளுங்கள். விதிப்புத்தகத்துக்கும் அன்றாட நடைமுறைக்கும் இடையிலான தூரம் அந்தப் பதிலில்தான் வெளிப்படும்.

உயிர் பிழைத்த ஓட்டுநரும் விமானியும் படகோட்டியும் அதிர்ச்சியில் இருப்பவர்கள். முதலில் மருத்துவ உதவி, பிறகு உணவு, உடன் இருக்க அவர் விரும்பும் ஒருவர், அதன் பிறகே கேள்வி. உறவினர்களை இழந்த குடும்பங்களுக்கு, ஊடகங்களுக்குச் சொல்வதற்கு முன்பே தகவல் சொல்லுங்கள். எது தெரியும், எது தெரியாது, அடுத்து எப்போது பேசுவோம் என்ற மூன்றையும் மறைக்காமல் சொன்னால் போதும். யூகத்தை மட்டும் சொல்லக் கூடாது.

ஐந்தாம் படி: கடிகாரங்களை ஒன்றாக்குதல்

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் வேலை இது. விமானத்தின் பதிவு உலகப் பொது நேரத்தில் இருக்கும்; நிலையத்தின் டேட்டா லாகர் இந்திய நேரத்தில் சில நொடிகள் முந்தி ஓடும்; எஞ்சினின் வேகப் பதிவு சில நொடிகள் பிந்தும்; கண்காணிப்புக் கேமராவின் கடிகாரத்தை ஆண்டுக்கணக்கில் யாரும் திருத்தியிருக்கமாட்டார்கள். இவற்றை அப்படியே ஒரே பட்டியலில் சேர்த்தால், விளைவு காரணத்துக்கு முன்னால் நிகழ்ந்ததாகத் தோன்றும். அதை நம்பி எழுதிய அறிக்கை நிரபராதி ஒருவரைக் குற்றவாளியாக்கிவிடும்.

இரண்டு பதிவுகளிலும் பதிந்த ஒரே நிகழ்வைக் கண்டுபிடித்து இணைப்பதே வழி. விமானி வானொலியில் பேச அழுத்தும் பொத்தான் விமானத் தரவிலும் பதியும், அவருடைய குரல் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் நாடாவிலும் பதியும். ரயிலில், ஒரு தடச்சுற்றை (தண்டவாளத்தின் ஒரு பகுதியில் ரயில் இருப்பதைக் காட்டும் மின்சுற்றை) சக்கரம் கடந்த நொடி நிலையப் பதிவில் இருக்கும். அதே இடத்தைக் கடந்த நொடியை எஞ்சின் பதிவின் தொலைவிலிருந்து கணக்கிடலாம். அப்படி இணைத்த பிறகு, ஒவ்வொரு நேரத்துக்கும் அருகே அது எந்தக் கருவியிலிருந்து வந்தது, எத்தனை நொடி பிழை இருக்கலாம் என்பதையும் எழுதிவையுங்கள்.

ஆறாம் படி: “மனிதப் பிழை” என்ற இடத்தில் நிற்காமல் மேலே போதல்

நிகழ்வு வரிசை கிடைத்ததும், ஒவ்வொரு கட்டத்திலும் இது ஏன் நடந்தது என்று கேட்டுக்கொண்டே பின்னோக்கிச் செல்ல வேண்டும். இந்தப் பயணத்தில் ஒரு மனிதரின் செயல் எதிர்ப்பட்டதும் நின்றுவிடுவதுதான் நம் துறையின் பெரிய சோதனை.

2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், குன்றின் உச்சியைச் சமப்படுத்தி அமைத்த மேட்டு ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 21 பேர் உயிரிழந்தனர். மழையில், பின்னாலிருந்து காற்று வீச, 8,858 அடி நீள ஓடுபாதையில் ஏறத்தாழ பாதித் தொலைவைக் கடந்த பிறகே விமானம் தரையைத் தொட்டது. மேலே எழும்பிவிடலாம் என்று துணை விமானி சொல்லியும் தலைமை விமானி எழும்பவில்லை. இதோடு நிறுத்தினால் “நடைமுறையை மீறினார்” என்ற ஒரு வரியில் அறிக்கை முடிந்துவிடும். விசாரணைப் பணியகம் அங்கே நிற்கவில்லை. அவர் பக்கத்துக் கண்ணாடித் துடைப்பான் சரியாக இயங்காதது, மறுநாள் காலைப் பயணத்துக்கு அவர் கோழிக்கோட்டில் இருந்தாக வேண்டிய பணி அட்டவணை, அங்கே தலைமை விமானிகள் போதிய எண்ணிக்கையில் இல்லாதது, மூத்தவரிடமிருந்து கட்டுப்பாட்டை வாங்கத் துணை விமானி தயங்கியது ஆகியவற்றையெல்லாம் அது ஆராய்ந்தது. வேறொரு விமானியை அந்த இருக்கையில் அமர்த்தினாலும் இந்த அழுத்தங்கள் அங்கேயே இருந்திருக்கும். அதே மாதிரி மேட்டு ஓடுபாதை உள்ள மங்களூரில் 2010 மே 22 அன்று 158 பேர் இறந்த விபத்திலும், எழும்பிவிடலாம் என்ற துணை விமானியின் குரல் கேட்கப்படாமல் போயிருந்தது என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

அண்டார்க்டிகாவில் 1979 நவம்பர் 28 அன்று எரெபஸ் மலையில் மோதி 257 பேர் இறந்த நியூசிலாந்து விமான விபத்தைப் புதியவர்கள் அனைவரும் படிக்க வேண்டும். முதல் விசாரணை அறிக்கை விமானிகளின் முடிவையே முதன்மைக் காரணமாகக் கண்டது. பின்னர் அமைந்த அரச ஆணையம், பயணப்பாதையின் ஆயத்தொலைகள் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு கணினியில் மாற்றப்பட்டதையும், அதை விமானிகளுக்கு யாரும் சொல்லாததையும் முன்னிறுத்தியது. ஒரே சிதைவுகள், ஒரே பதிவுகள். ஆனால் எங்கே நிறுத்தினார்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறிவிட்டது.

ஏழாம் படி: முன்பே நடந்த சிறிய விபத்தைத் தேடுதல்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள இடமிருந்தால், இதை வைத்துக்கொள்ளுங்கள். பெரிய விபத்துகளில் பல, முன்பே ஒருமுறை யாரையும் கொல்லாமல் வந்து போயிருக்கின்றன.

1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் ஸீபுரூகா துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ் என்ற கப்பல், வாகனங்கள் ஏறும் முன்கதவு மூடப்படாமலே கடலுக்குள் சென்றது. வாகனத் தளம் கப்பலின் அகலம் முழுவதும் தடுப்பின்றித் திறந்து கிடந்ததால், நுழைந்த நீர் ஒரே பக்கமாகப் பாய்ந்து சில நிமிடங்களுக்குள் கப்பலைக் கவிழ்த்தது. 193 பேர் இறந்தார்கள். கதவை மூட வேண்டியவர் அறையில் உறங்கிக்கொண்டிருந்தார். ஆனால் 1983இலேயே அதே நிறுவனத்தின் இன்னொரு கப்பல், அதே காரணத்தால், கதவுகள் திறந்த நிலையில் கடலைக் கடந்திருந்தது. கதவு மூடியிருக்கிறதா என்று காட்ட மாலுமி மேடையில் ஒரு விளக்கு வேண்டும் என்று கப்பல் தலைவர்கள் கேட்டிருந்தும் நிறுவனம் பொருட்படுத்தவில்லை. கடல் விபத்துகளை விசாரிக்கப் பிரிட்டன் 1989இல் தனி அமைப்பை உருவாக்கியதற்கு இந்த விபத்தே காரணம்.

2002 ஜூலை 1 அன்று ஜெர்மனியின் யூபர்லிங்கன் ஊருக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்கள். ஒரு விமானத்தின் மோதல் தவிர்ப்புக் கருவி மேலே ஏறச் சொன்னது, தரைக் கட்டுப்பாட்டாளர் கீழே இறங்கச் சொன்னார், விமானிகள் கட்டுப்பாட்டாளர் சொன்னதைக் கேட்டார்கள். 2001 ஜனவரி 31 அன்று ஜப்பானில் இரண்டு பெரிய விமானங்கள் இதே வகையான முரண்பாட்டில் சிக்கி மயிரிழையில் தப்பியிருந்தன. முரண்பாடு வந்தால் எதைப் பின்பற்ற வேண்டும் என்பதை உலகெங்கும் தெளிவாக்க இடையில் பதினேழு மாதங்கள் இருந்தன.

நமக்கு மிக அருகில் பாலாசோர். 2023 ஜூன் 2 அன்று சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், பஹாநாகா பஜார் நிலையத்தில் மெயின் லைனுக்குப் பச்சை விளக்குக் கிடைத்தும் லூப் லைனுக்குள் (ரயில்களை ஒதுக்கி நிறுத்தும் பக்கப் பாதைக்குள்) திரும்பி, அங்கே நின்ற சரக்கு ரயிலின் மேல் மோதியது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தனர். லெவல் கிராசிங் கேட்டின் தடுப்பை மாற்றும் பணியின்போதும், அதற்கு முன்பும், சிக்னல் சுற்றில் செய்த மாற்றங்களில் நேர்ந்த தவறே காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையர் கண்டார். 2022 மே 16 அன்று அதே கரக்பூர் கோட்டத்தின் பாங்ரா நயாபாஜ் நிலையத்தில் தவறான கம்பி இணைப்பால் இதை ஒத்த நிகழ்வு நடந்திருந்ததையும், அப்போதே திருத்தியிருந்தால் இந்த விபத்து நேர்ந்திருக்காது என்பதையும் அவருடைய அறிக்கை சுட்டிக்காட்டியது.

ஆகவே களத்திலிருந்து திரும்பியதும் பழைய பதிவேடுகளைக் கேளுங்கள். குறைந்தது ஐந்தாண்டுக்கான பழுதுப் புகார்கள், பணியாளர்கள் எழுதிய கடிதங்கள், தொழிற்சங்கக் கோரிக்கைகள், ரத்தான கொள்முதல் கோப்புகள் ஆகியவற்றைப் படியுங்கள். உங்கள் நிலையத்தில் இல்லாவிட்டால் பக்கத்துக் கோட்டத்தில், பக்கத்து நாட்டில் தேடுங்கள்.

எட்டாம் படி: அறிக்கை

விமான விபத்துகளில் முப்பது நாள்களுக்குள் முதற்கட்ட அறிக்கையும், இயன்றவரை பன்னிரண்டு மாதங்களுக்குள் இறுதி அறிக்கையும் வர வேண்டும். முதற்கட்ட அறிக்கையில் நடந்தவை மட்டுமே இருக்கும், காரணம் இருக்காது. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் நேர்ந்த விமான விபத்தின் முதற்கட்ட அறிக்கை வெளியானதும், அதிலிருந்த ஓரிரு வரிகளை வைத்து இறந்துபோன விமானிகளின் மேல் பலர் தீர்ப்பெழுதினார்கள். அத்தகைய அவசரத்துக்கு உங்கள் சொற்கள் இடம் தரக் கூடாது. உண்மைப் பகுதி, ஆய்வுப் பகுதி, முடிவு, பரிந்துரை என்று பிரித்து எழுதுங்கள். ஆய்வில் வரும் எதுவும் உண்மைப் பகுதியில் சான்றோடு இருக்க வேண்டும். வரைவைத் தொடர்புடையவர்களுக்கு அனுப்பி அவர்கள் மறுப்பைக் கேளுங்கள்.

ஒன்பதாம் படி: பரிந்துரையும் பின்தொடர்தலும்

“பணியாளர்கள் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டும்” என்பது பரிந்துரை ஆகாது. கவனம் தவறும் என்பதை விபத்தே காட்டிவிட்டது. தவறு நடக்கவே முடியாதபடி அமைப்பை மாற்றுவது முதல் தரம். நடந்தால் உடனே தெரியும்படி செய்வது இரண்டாம் தரம். பயிற்சியும் சுற்றறிக்கையும் அதற்கும் கீழே.

லண்டன் கிளாப்ஹாம் சந்திப்பில் 1988 டிசம்பர் 12 அன்று 35 பேர் இறந்த விபத்தில், அகற்றப்பட வேண்டிய ஒரு பழைய கம்பி ரிலேயைத் தொட்டு, சிவப்பு விழ வேண்டிய இடத்தில் சிக்னலைப் பச்சையாகவே வைத்திருந்தது. அதை இணைத்த தொழில்நுட்பப் பணியாளர் பதின்மூன்று வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் விடுப்பு எடுத்திருந்தார். அவருடைய வேலையை வேறொருவர் கம்பி கம்பியாக எண்ணிச் சரிபார்க்கவில்லை. அவருக்கு அறிவுரை சொல்வதோடு நிற்காமல், வேலை நேரத்துக்கு வரம்பும், செய்தவரல்லாத ஒருவரின் சோதனையும் வேண்டும் என்று விசாரணை கேட்டது. பாலாசோருக்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்பே எழுதப்பட்ட பாடம் அது.

ஒவ்வொரு பரிந்துரையிலும் யார் செய்ய வேண்டும், எதற்குள் செய்ய வேண்டும், செய்ததை எப்படி அறிவது என்ற மூன்றும் இருக்கட்டும். பதின்மூன்றாம் இணைப்பின்படி, பரிந்துரையைப் பெறும் நாடு தொண்ணூறு நாள்களுக்குள் என்ன செய்தோம், அல்லது ஏன் செய்யவில்லை என்று பதில் தர வேண்டும். உங்கள் நிறுவனத்திலும் இதே கெடுவை வைத்துக்கொள்வதில் தடையேதுமில்லை.

பயிற்சிக்கு ஒரு முறை

வெளியான இறுதி அறிக்கை ஒன்றை எடுத்து, உண்மைப் பகுதியை மட்டும் படித்துவிட்டு மூடிவையுங்கள். நிகழ்வு வரிசையையும் காரணங்களையும் பரிந்துரைகளையும் நீங்களே எழுதுங்கள். பிறகு மீதியைத் திறந்து ஒப்பிட்டால், எந்தக் கேள்வியைக் கேட்க மறந்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். கோழிக்கோடு அறிக்கை இதற்கு நல்ல தொடக்கம். கிளாப்ஹாம் அறிக்கை நீளமானது, ஆனால் ரயில்வேயில் சேர்ந்தவர்கள் அதை விட்டுவிடக் கூடாது.

அடுத்து, உங்கள் பணியிடத்திலேயே யாருக்கும் காயமின்றி முடிந்த நிகழ்வுகளின் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு நிகழ்வுக்கும் எதிரே “எடுக்கப்பட்ட நடவடிக்கை” என்ற பத்தி இருக்கும். அதில் “சம்பந்தப்பட்டவருக்கு அறிவுரை வழங்கப்பட்டது” என்று மட்டும் எழுதி முடித்திருக்கும் நிகழ்வு எதுவோ, அதை இந்த ஒன்பது படிகளின் வழியே முதலிலிருந்து விசாரிக்கத் தொடங்குங்கள்.